ஒரே தட்டில் கழுவிய பேரிங்குகள்

என் ஆசை அண்ணனுக்கு,

எட்டாவதோடு நின்றவள் எழுதுகிறேன், பிழை இருந்தால் சிரிக்காதே. நீ போய் ஏழு மாசம் ஆகிறது. ஷெட்டை மூடவில்லை. பஞ்சர், கிரீஸ், பேரிங் வேலையெல்லாம் நானே பார்க்கிறேன். அதைச் சொல்ல எழுதவில்லை.

துணிக்கடை பாயின் அம்பாசடர் வந்தது. ஆமாம், அதே வண்டிதான். மூன்று வருஷமாக நம் பக்கம் திரும்பாத மனுஷன், கள்ளக்குறிச்சியில் அந்தப் பழைய வண்டியைத் தொட ஆளில்லாமல் வந்தார். முன் சக்கரம் இரண்டிலும் சத்தம்.

"புது பேரிங் வாங்கியாந்துட்டேன்மா. மாட்டுறதுதான் ஒன் வேலை. ஒன் அண்ணன் மாட்டுன மாதிரி மாட்டி வுட்டுடாதே" என்றார்.

செத்தப்புறமும் உன் மேல் பழி விழுகிறது, நான் தலையை ஆட்டிவிட்டு ஜாக்கி எடுக்கப் போனேன்.

உன்னிடமாவது இப்போது சொல்லிவிடுகிறேன் அண்ணே. மூன்று வருஷத்துக்கு முன் இந்த வண்டி வந்த அன்றைக்கு, பேரிங் இன்னும் ஓடும், கழுவி கிரீஸ் வைத்தால் போதும் என்றாய். "இடது பக்கத்துது ஒரு தட்டு, வலது பக்கத்துது ஒரு தட்டு. தேஞ்ச பேரிங் அதும் கூடத் தேஞ்ச வெளி வளையத்துல, அந்தக் கப்புலதான் ஒழுங்கா உக்காரும். கலந்துடாதே" என்று சொல்லிவிட்டு வெல்டிங் பட்டறைக்குப் போனாய்.

எனக்கோ சின்னசேலத்தில் ஒரு வளைகாப்பு. பஸ் போய்விடும் என்று பக்கத்துக்கு இரண்டாக இருந்த நாலையும் ஒரே தட்டில் போட்டு மண்ணெண்ணெயில் கழுவினேன். எது எந்தப் பக்கத்தது என்று தெரியவில்லை. பெரிசு ஒன்று, சின்னது ஒன்று எனக் குத்துமதிப்பாகப் பிரித்து வைத்துவிட்டு, "எல்லாம் சரியா வெச்சிருக்கேன்" என்றேன். நீ நம்பி மாட்டினாய்.

பாய் வெள்ளிமலையிலிருந்து குடும்பத்தோடு இறங்கும்போது சக்கரம் அலறி, அதன் நடுவில் ஹப் சூடேறி, வளைவில் வண்டி நின்றுவிட்டது. மறுநாள் பாய் ஷெட் வாசலில் நின்று கத்தினார். "புள்ளைங்க உள்ள இருந்துச்சிங்கபா! இன்னா வேலை பாத்த நீ?"

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் குனிந்து தரையைப் பெருக்கினேன். "என் தப்புதான் பாய்" என்றாய். உனக்குத் தெரிந்திருந்ததா? ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? கேட்டால் பொய்தான் சொல்வேன் என்றா?

இந்த முறை ஒரு பக்கத்தை முழுசாக முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட்டேன். பழைய கப்பைத் தட்டி எடுத்து, புதுசைக் கோணாமல் இறக்கினேன். உள்ளங்கையில் கிரீஸ் வைத்து, பேரிங்கின் மறுபக்கம் பிதுங்கி வரும்வரை அழுத்தினேன். நட்டை இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, சக்கரத்தைச் சுற்றினால் சத்தமே இல்லை. ஆனால் சந்தோஷப்பட முடியவில்லை.

பாய் சாவிக்குக் கை நீட்டினார். கொடுக்காமல், அன்றைக்கு நடந்ததை நின்றபடியே சொல்லிவிட்டேன்.

அவர் கத்தவில்லை. வண்டிக்குள் உட்கார்ந்தார், கதவைச் சாத்தவில்லை. "தெனம் ஒண்ணா டீ குடிச்சவங்கமா நாங்க. அதுக்கப்புறம் அவன் மூஞ்சியே நான் பாக்கல. சாவுக்குக்கூட தெருமுனை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன். அப்பவே சொல்றதுக்கு இன்னா ஒனக்கு?"

புருஷன் விட்டுப்போனவள் நான். நீயும் ஷெட்டை விட்டு அனுப்பிவிட்டால் எங்கே போவேன் என்று பயந்தேன். ஒருநாளும் என்னைத் திட்டாத உன்னைப் போய் அப்படி நினைத்தேன் பார்.

"டீக்கடைல அத்தினி பேர் எதுர்ல அவனை வேலை தெரியாதவன்னு சொன்னவன் நானு. நாளைக்குக் காலைல அதே டீக்கடைல மாத்திச் சொல்லப் போறேன். நீயும் வா" என்றார்.

ஆம்பளைகள் கூட்டமாக நிற்கிற இடம். நான் அங்கே கால் வைத்ததே இல்லை. போகிறேன். பாய் ஆரம்பிக்கட்டும் என்று காத்திருக்க மாட்டேன். கலந்தது நான், மறைத்ததும் நான் என்று முதலில் என் வாயால் சொல்வேன். தலை நிமிராவிட்டாலும் சொல்வேன். இது சத்தியம் அண்ணே.

நீ ஒரு வார்த்தையும் கேட்காமல் விட்ட
உன் தங்கச்சி செல்வி