சுவர் காயும் முன்

சிட்டுவின் அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் நலத்தை அண்ணி சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன். என் போனை எடுப்பதில்லை என்று சபதம் போட்டிருக்கிறீர்கள் போல. அதனால்தான் கடிதம். தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறேன் என்று அண்ணி சொல்லியிருக்கிறார். சாப்பிடும்போதாவது பிரிப்பீர்கள்.

இதோடு ஆபீஸ் நோட்டீஸ் ஒன்றும் வைத்திருக்கிறேன். பதற வேண்டாம், அபராதம் ஒன்றுமில்லை. கட்டடக்காரர் நம் கடையை மூக்குக்கண்ணாடி விற்கிற ஒருவருக்கு வாடகைக்கு விட்டுவிட்டார். அந்த மனிதர் முகப்புக்கு வேறு வண்ணம் அடிக்கவும் புதுப் பலகை மாட்டவும் அனுமதி கேட்டு மனுப் போட்டிருக்கிறார். அந்தப் பழைய கடைத்தெருவில் ஒரு ஆணி அடிப்பதென்றாலும் எங்கள் பழைய கட்டடப் பாதுகாப்புப் பிரிவைக் கேட்டுத்தானே அடிக்க வேண்டும்? மனு நேராக என் மேஜைக்கு வந்தது. எல்லா மனுவுக்கும் போடுகிற மாதிரி முத்திரை போட்டுவிட்டு, அடுத்த தாளைப் புரட்டினால் போட்டோ. மஞ்சள் எழுத்தில் ‘சிட்டு சைக்கிள் கடை’. அன்றைக்கு அதற்கு மேல் எனக்கு வேலை ஓடவில்லை.

அந்த எழுத்துக்காக நாம் போட்ட சண்டை ஞாபகம் இருக்கிறதா? பலகையில் எழுதி, கொக்கியில் மாட்டுங்கள், நாளைக்கு வேண்டாமென்றால் கழற்றிக்கொள்ளலாம் என்று படித்துப் படித்துச் சொன்னேன். அப்பாவும் மகளுமாகச் சேர்ந்து எனாமல் டப்பாவை உடைத்துச் சுவரிலேயே எழுதிவிட்டு வந்து நின்றீர்கள். தன் பெயரின் கடைசி எழுத்துச் சுழியை வால் மாதிரி நீட்டச் சொன்னது அவள்தான். மறுவாரம் எங்கள் ஆபீஸ் உங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியபோது, ‘ஒரே வீட்டுல இருந்துகிட்டு ஸ்டாம்ப் எதுக்கு, சாப்பாட்டோட சேர்த்துக் குடுத்திருக்கலாமே’ என்று கேட்டீர்கள். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

கமிட்டி அன்றைக்குப் பெரிய மனது பண்ணியது. கடை நடக்கும் வரைக்கும் எழுத்து இருக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். இப்போது கடை நடக்கவில்லையே. காய்ச்சல் என்று குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், வெறுங்கையோடு திரும்பி வந்தோம். நீங்கள் ஷட்டரை இழுத்துப் பூட்டினீர்கள். அண்ணன் வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றீர்கள். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

எழுத்தை எழுதியவருக்கு ஆட்சேபம் இருந்தால் கூட்டத்துக்கு நேரில் வந்து சொல்லலாம் என்று விதி இருக்கிறது. நான் வாயைத் திறக்க முடியாது. சொந்தக்காரர் விவகாரம் வந்தால் நாங்கள் எழுந்து வெளியே போய்விட வேண்டும். அதனால் நீங்கள் வந்தால்தான் உண்டு. தேதி நோட்டீஸில் இருக்கிறது. வருவீர்கள் என்று நினைத்துக்கொண்டு உங்கள் சட்டைகளைத் துவைத்துப் போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
சிட்டுவின் அம்மா


சிட்டுவின் அப்பாவுக்கு,

நீங்கள் வரவில்லை. கடிதத்தைப் பிரித்தாராம், மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாராம். அண்ணி சொன்னார். பிரித்தீர்களே, அதுவே பெரிது என்று இதை எழுதுகிறேன்.

கூட்டத்தில் நம் கடை பற்றிய மனு வந்ததும் நான் வெளியே போய்த் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தேன். டைப்பிஸ்ட் அக்கா ஒரு டம்ளர் காபியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே இருந்தார். திரும்ப உள்ளே கூப்பிட்டபோது முடிவு தயாராக இருந்தது. சுவர் அந்தக் காலத்துச் சுண்ணாம்புப் பூச்சு என்பதால் பிளாஸ்டிக் பெயிண்ட் கூடாது. முகப்பு முழுக்க வெளிர் நிறத்தில் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், எழுத்தும் அதிலேயே மூடிப்போகும். கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனாமல் மேல் சுண்ணாம்பு நிற்காது என்பது வெள்ளையடிக்கிற எவருக்கும் தெரியும். முதலில் எழுத்தைச் சுரண்டி எடுக்க வேண்டும். சொல்லலாமென்று வாயைத் திறந்தேன். தலைவர் கையை உயர்த்தி, ‘நீங்க இதுல பேசக்கூடாதும்மா, விதி விதிதான்’ என்று நிறுத்திவிட்டார்.

அடித்த அன்றைக்கு நான் அந்தப் பக்கமே போகவில்லை. மறுநாள் போனேன். சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது. அங்கே ஒரு கடை இருந்ததற்கோ, கல்லாவுக்கு மேல் காலை ஆட்டிக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்ததற்கோ ஒரு அடையாளமும் இல்லை. எதிர்வரிசையில் நின்று அழுதேன். தெருவில் நின்று அழுகிறாளே என்று யார் நினைத்தால் எனக்கென்ன?

பிறகு மழை பிடித்தது. முதல் மழைக்கே வால் வந்துவிட்டது. ஆமாம், அவள் நீட்டச் சொன்ன அந்த வால்தான். சுவரில் மற்ற இடத்திலெல்லாம் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டு நிற்கிறது, எனாமல் மேல் இருந்தது மட்டும் பொருக்குப் பொருக்காகக் கழன்று விழுகிறது. அடுத்த மழைக்கு ‘டு’ முழுசாக வந்தது. அப்புறம் நடு எழுத்து. இந்த வாரம் அவள் பெயர் முழுவதும் வந்துவிட்டது. ‘சைக்கிள் கடை’ மேலே தகரக் கூரை நீட்டிக்கொண்டிருக்கும் பக்கம் இருப்பதால் நனையவில்லை, அது இன்னும் வரவில்லை. பெயர் மட்டும் மஞ்சளாக, நேற்றுத்தான் எழுதியது போல இருக்கிறது.

தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. பார்த்து எழுதிக் கொடுங்கள் என்று என்னையே அனுப்பினார், இது வண்ணம் சம்பந்தப்பட்ட வேலை, உறவு சம்பந்தப்பட்டது இல்லையாம். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு போனேன். கண்ணாடிக் கடைக்காரர் நல்ல மனிதர். ‘யாருங்க இந்தச் சிட்டு, சுண்ணாம்பு அடிச்சு மூடினாலும் எட்டிப் பாக்குறாங்க’ என்று விளையாட்டாகத்தான் கேட்டார். எங்க பொண்ணு என்றேன். அவர் உள்ளே போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து வாசலில் போட்டார். உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வரைக்கும் என்னை யாரும் எழுப்பவில்லை.

இருந்தாலும் பொய் எழுத எனக்கு வராது. எழுத்தைச் சுரண்டி எடுத்த பிறகே சுண்ணாம்பு அடிக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். என்னைத் திட்ட வேண்டுமென்றால் நேரில் வந்து திட்டுங்கள். ஈரச் சுவரைச் சுரண்டினால் பூச்சும் சேர்ந்து பெயர்ந்துவிடும் என்பதால், மழை விட்டுச் சுவர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் வேலை. அதையும் எழுதியிருக்கிறேன். அதுவும் உண்மைதான். ‘நல்லா காயட்டும்மா, எனக்கொண்ணும் அவசரமில்ல’ என்கிறார் கடைக்காரர். ஆனாலும் மழை என்றைக்காவது விட்டுத்தானே ஆக வேண்டும்.

வீட்டில் அவளுடைய சைக்கிள் அதே இடத்தில்தான் இருக்கிறது. பின் சக்கரத்தில் காற்று நிற்பதில்லை. நான் அடிப்பதும் அது இறங்குவதுமாக இருக்கிறோம். டியூபில் எங்கே ஓட்டை என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. வேறு கடையில் கொடுக்க மனம் ஒப்பவில்லை.

ஊர் முழுக்க மழையைத் திட்டிக்கொண்டிருக்கிறது. துணி காயவில்லை, பஸ் வரவில்லை, தெருவெல்லாம் சேறு. நான் மட்டும் காலையில் எழுந்ததும் ஜன்னலைத் திறந்து, இன்னும் பெய்கிறதா என்று பார்க்கிறேன். பெய்தால் இன்றைக்கு ஒரு நாள் அவள் பெயர் இருக்கும். இன்று வானம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன்.

எழுத்தைக் காப்பாற்றச் சொல்லி உங்களைக் கூப்பிடவில்லை. அது போகத்தான் போகிறது. அவளை ஒரு தடவை அனுப்பும்போது இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். இந்தத் தடவை என்னைத் தனியாக நிற்கவிடாதீர்கள். சுவர் காய்வதற்குள் வந்துவிடுங்கள். வரும்போது குடை எடுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு நனைந்தால் சளி பிடிக்கும். பஞ்சர் ஒட்டுகிற பெட்டி கட்டிலுக்கு அடியிலேயே இருக்கிறது.

வழி பார்த்துக்கொண்டிருக்கும்,
சிட்டுவின் அம்மா