பதில் சொல்லாத பொம்மை

இன்று காலை அச்சு மேஜைக்குக் கம் தடவியிருந்தார்கள். பார்க்காமல் கையை ஊன்றிவிட்டேன். பனியன் துணி நகராமல் பிடித்து வைக்கத்தான் அந்தப் பசை. கையையும் அப்படியே பிடிக்கும். இழுத்தபோது ஒரு சத்தம். பிறகு அந்தப் புளித்த வாடை. இரண்டு முறை சோப்புப் போட்டேன். மத்தியானம் தயிர்ச் சோற்றிலும் அதுதான் மணத்தது.

உங்களுக்கு எழுதுகிறேன் அண்ணா. உங்களுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. இனி அது ஒரு குறையில்லை.

நான் இன்னும் நெருப்பெரிச்சல் ஊரில்தான், சித்தப்பாவின் பிரிண்டிங் யூனிட்டில். இலக்கியம் படித்து முடித்து, வேறு வேலை கிடைக்கும்வரை என்று வந்து உட்கார்ந்த அதே கம்ப்யூட்டர். அதே நாற்காலி. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். கை நீட்டினால் எட்டும்.

நீங்கள் லாகோஸிலிருந்து வந்தவர். ஏற்றுமதிக்குப் போக மிஞ்சிய பனியன்களை வாங்கி, உங்கள் ஊர்ப் பள்ளிகளின் பெயரை எங்களிடம் அச்சடித்து அனுப்புவீர்கள். எங்கள் யூனிட்டின் மாடியிலேயே குடி வந்ததுதான் வேடிக்கை. நேரில் போனால் யாரும் வீடு தருவதில்லை என்று தெரிந்துகொண்டு போனில் கேட்டீர்கள். "மாடி காலியா இருக்குதுன்னாங்க. வந்து பாக்கலாமுங்களா?" காங்கேயம் பக்கத்து ஆள் யாரோ என்று நினைத்துச் சித்தப்பா வரச் சொல்லிவிட்டார். கதவைத் திறந்தவர் உங்களுக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

"நாந்தானுங்க போன் பண்ணுனது."

சித்தப்பா சிரித்துவிட்டார். "வாயாலயே ஊட்டப் புடிச்சுட்டீங்களே!"

"ஆமை நம்ம சொந்தக்காரனுங்க," என்றீர்கள். அவர் சிரிப்பு நின்றது. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று இங்கே சொல்வார்கள். அதை நான்தான் பிறகு உங்களுக்கு விளக்கினேன். யோசித்துவிட்டுச் சொன்னீர்கள்: "எங்கூர்லயும் உருப்படாதுங்க. ஆனா கதை இருக்குமுங்க."

உங்கள் ஊர்க் கதைகள் சாப்பாட்டு நேரத்தில் வரும், எல்லாம் வாயாலேயே பிழைக்கும் ஆமையைப் பற்றி. யானையை ஏமாற்றிய ஆமை. சிறுத்தையின் முதுகில் ஏறிக்கொண்டு ஊருக்குள் வந்த ஆமை. முடிவில் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும், ஓடு உடையும், சில நாள் செத்தும் போகும். மறுநாள் புதுக் கதையில் முழு ஓட்டோடு நடந்து வரும்.

"நேத்துத்தானே செத்துச்சு?" என்பேன்.

"அது நேத்துங்க."

வகுப்பில் படித்ததை வைத்து, இவையெல்லாம் எளியவர்கள் வலியவர்களை எதிர்க்கும் கதைகள் என்று ஒருநாள் சொன்னேன். நீங்கள் முருங்கைக்காயை மென்று முடிக்கும்வரை காத்திருந்தேன். "பசிங்க கண்ணு," என்றீர்கள். "அவனுக்குப் பசிக்குதுங்க. அவ்வளவுதானுங்க."

பசைப் பொம்மையின் கதையை இந்த மேஜையருகே நின்றுதான் சொன்னீர்கள். ஆமை ஒரு விவசாயியின் கிழங்கைத் தினமும் திருடுகிறது. அவர் மரத்தில் ஒரு பொம்மை செய்து, உடம்பெல்லாம் பசை தடவி, தோட்டத்தில் நிறுத்துகிறார். விடியற்காலையில் ஆமை வருகிறது. யாரோ நிற்பதைப் பார்த்து மரியாதையாகக் கூப்பிடுகிறது.

"ஏனுங்க!"

பொம்மை பேசவில்லை.

"ஏனுங்க, உங்களத்தானுங்க! காது கேக்கலீங்களா? மரியாதையாக் கேக்கறனுங்க. பதில் சொல்லலீன்னா அடிச்சுப்போடுவனுங்க!"

பிரிண்டிங் மாஸ்டருக்கு டீ புரையேறியது. "அடிக்கறேன்னு சொல்றவன் எதுக்குங்க அதுக்கும் ஒரு ‘ங்க’ போடறான்?"

"நீங்களும் போடறீங்களே பாய். நேத்து அந்த டிரைவரத் திட்டுனப்ப எத்தன ‘ங்க’, நான் கேட்டனுங்க."

ஆமை அடிக்கிறது. கை ஒட்டிக்கொள்கிறது. இன்னொரு கை. ஒரு கால். இன்னொரு கால். கடைசியில் தலையால் முட்டுகிறது. நீங்கள் மேஜையில் உள்ளங்கையை ஊன்றி, எடுக்க முடியாதது போல முகத்தைக் கோணினீர்கள்.

கோபம்தான் அதை மாட்டிவிட்டது என்றேன்.

"இல்லீங்க கண்ணு. பதில் வரும்னு நெனச்சான் பாருங்க. அதானுங்க."

அன்று அது எனக்கு ஒரு நல்ல வாக்கியம். வீட்டுக்குப் போய் நோட்டில் எழுதி வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

ஒரு சனிக்கிழமை, சாம்பிள் அச்சில் பள்ளியின் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்ததை நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். தப்பு என்னுடையது. சித்தப்பாவுக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும்: வீட்டில் இருக்கட்டும், மாப்பிள்ளை பார்க்கலாம் என்பார்கள். இந்த நாற்காலியும் போய்விடும். "நாளைக்கு வாங்க, புது ஸ்கிரீன் போட்டரலாமுங்க," என்றீர்கள். ஞாயிற்றுக்கிழமை யூனிட் பூட்டியிருக்கும். சாவி என்னிடம் இருந்தது. தோழி வீட்டுக்குப் போவதாக அம்மாவிடம் சொன்னேன். மத்தியானம் முழுவதும் நீங்கள் ஸ்கிரீனின் வலைத்துணி ஃபிரேமைப் பிடித்துக்கொள்ள, நான் ஃபிலிமை ஒட்டி, வெளிச்சம் காட்டி, கழுவினேன். எழுத்து சரியாக வந்தது. ஷட்டரை இறக்கிவிட்டு ஆளுக்கொரு பக்கம் போனோம்.

மறுநாள் காலை யூனிட் வாசலில் நான்கு பேர் நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எதிர்வீட்டில் ஒரு செல்போன் காணாமல் போயிருந்தது. யார் எடுத்தது என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை.

சித்தப்பா உங்களைக் கீழே கூப்பிட்டார். அவர் கெட்டவரில்லை. மரியாதையாகத்தான் கேட்டார். "நேத்து மத்தியானம் எங்கீங்க இருந்தீங்க? சொல்லிப்போட்டீங்கன்னா முடிஞ்சுதுங்க."

நான் மேஜையருகே நின்றேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

"ஏனுங்க," என்றீர்கள்.

ஒரே ஒரு முறை. சத்தமாகக்கூட இல்லை.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பூட்டிய ஷட்டருக்குள், ஞாயிற்றுக்கிழமை, நானும் நீங்களும். அந்த வாக்கியம் அந்த நான்கு பேர் வாயில் போய் எப்படித் திரும்பி வரும் என்று எனக்குத் தெரிந்தது. விரலில் காய்ந்திருந்த கம்மை உரித்துக்கொண்டிருந்தேன்.

"இவள எதுக்குங்க கூப்படறீங்க?" என்றார் சித்தப்பா. பிறகு என்னிடம், "ஏங்கண்ணு, உனக்கு ஏதாச்சும் தெரியுமா?"

மேஜை நீளமானது. அதன் அந்தக் கோடியில் என் புது ஸ்கிரீன் சாய்த்து வைத்திருந்தது.

நான் பேசவில்லை.

நீங்கள் இன்னொரு முறை கூப்பிட்டிருக்கலாம். அடித்திருக்கலாம். "இவங்களக் கேளுங்க, இவங்ககூடத்தான் இருந்தேன்" என்று ஒரு வரி. உங்களிடம் உண்மை இருந்தது.

"ஒண்ணுமில்லீங்க," என்றீர்கள். "குடிக்கத் தண்ணி கேக்கலாம்னு கூப்புட்டனுங்க."

நான் தண்ணீர் கொண்டுவந்தேன். அதுதான் என்னால் முடிந்தது. சொம்பைத் தூக்கி அண்ணாந்து குடித்துவிட்டு, "ரொம்ப நன்றிங்க," என்றீர்கள். வாசலில் நின்ற ஒருவர், "ஆமையக் குடி வச்சா இப்புடித்தானுங்க," என்றார். யாரோ சிரித்தார்கள்.

இரண்டு நாளில் மாடியைக் காலி செய்தீர்கள். பாதி பனியன்கள் கட்டாமலே கிடந்தன. நான் கீழே உட்கார்ந்து மூட்டைகள் படியிறங்கும் சத்தத்தைக் கேட்டேன். வேறெங்கும் வீடு அமையவில்லை, ஊருக்கே திரும்பிவிட்டீர்கள் என்று மாஸ்டர்தான் பிறகு சொன்னார். அந்தப் போன் அடுத்த வாரம் கிடைத்தது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்திருந்ததாம். யாரும் வந்து எதுவும் சொல்லவில்லை. சித்தப்பா மட்டும் ஒருநாள் சாப்பிடும்போது, "பாவம், நல்ல மனுசன்," என்றார். அப்போதும் என் வாயில் சோறு இருந்தது.

என் நாற்காலி போகவில்லை. உங்கள் வீட்டைக் கொடுத்து வாங்கிய நாற்காலி. அதிலிருந்து எழுந்து வேறெங்காவது போகலாம் என்று தோன்றும்போதெல்லாம், எந்த முகத்தோடு என்றும் தோன்றுகிறது. உட்கார்ந்துவிடுகிறேன்.

போன வாரம் உங்கள் தங்கையிடமிருந்து ஒரு குரல் செய்தி. உங்கள் போனில் என் எண் இருந்ததாம். அண்ணனின் இதயம் நின்றுவிட்டது, மழைக்காலத்தின் தொடக்கத்தில், என்றாள். பிறகு ஒரு சந்தேகம் கேட்டாள்.

இந்தியாவிலிருந்து திரும்பியபின் நீங்கள் அவள் பிள்ளைகளுக்குப் பசைப் பொம்மைக் கதையை வேறு மாதிரி சொன்னீர்களாம். உங்கள் கதையில் ஆமை பொம்மையை அடிப்பதே இல்லை. ஒருமுறை கூப்பிடும். காத்திருக்கும். பிறகு, சரி, இதற்கும் ஏதோ கஷ்டம் போல என்று சொல்லிவிட்டுத் தன் வழியே போய்விடும். பொம்மை அங்கேயே நிற்கும். காற்றில் வரும் தூசியும் சருகும் இறகும் அதன் மேல் ஒட்டிக்கொண்டேயிருக்கும்.

உங்கள் ஊரில் அந்தப் பொம்மைக்குப் பெயர் கிடையாதாம். நீங்கள்தான் வைத்தீர்களாம். அவள் அதைச் சிரமப்பட்டு உச்சரித்தாள். ஏனுங்கா. "அது உங்கள் ஊர்ப் பெண் பெயரா? பிள்ளைகள் கேட்கிறார்கள். இன்னொன்றும் கேட்கிறார்கள். ஏனுங்கா இன்னும் அங்கேதான் நிற்கிறாளா?"

மூன்று நாள் பதில் போடவில்லை. எனக்கு அது பழக்கம்.

இன்று போட்டேன். அது பெயரில்லை, கூப்பிட்டால் திரும்புவார் என்று நம்புகிறவரை நாங்கள் கூப்பிடும் சொல் என்று எழுதினேன். "அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் அண்ணன் என்னோடு இருந்தார்" என்று எழுதினேன். எந்த ஞாயிறு என்று அவளுக்குத் தெரியாது. ஆனாலும் எழுதினேன். சித்தப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பிள்ளைகளின் இரண்டாவது கேள்விக்கு ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

ஆமாங்க.