பதில் வராத அலமாரி

மே 6

இன்று முதல் நாள். குடும்ப இணைப்பு அனுமதி அலுவலகம், மூன்றாம் மாடி. வெளிநாட்டில் விட்டுவந்த சொந்தங்களை இங்கே அழைத்துக்கொள்ள அனுமதி தரும் இடம். ஆறு வாரப் பயிற்சி; முடித்தால்தான் இந்த வருடச் சட்டப் படிப்பு நிறைவாகும். காலை முழுவதும் கையெழுத்து. அதில் ஒன்று: "என் உறவினர் எவருடைய விண்ணப்பமும் இந்த அலுவலகத்தில் இல்லை." தயங்காமல் போட்டேன். அக்காவின் விண்ணப்பம் எட்டு வருடமாகத் தலைமை அலுவலகத்தில் அல்லவா தூங்குகிறது!

"அங்க இருக்கறவங்ககிட்ட நம்ம பெரியவளைப் பத்தி ஒரு வார்த்தை கேளேன்" என்றாள் அம்மா. அவளுக்கு எல்லா அரசு அலுவலகமும் ஒரே வீட்டின் வேறு வேறு அறைகள்.

மே 8

எனக்குக் கிடைத்திருப்பது 'பதில் வராத அலமாரி'. அலுவலகம் ஏதாவது ஒரு தாள் கேட்டு விண்ணப்பதாரருக்குக் கடிதம் போடும். பதினெட்டு மாதம் பதில் வராவிட்டால் கோப்பை மூடிவிடலாம். மூடும் முன் ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு பக்கச் சுருக்கம் எழுத வேண்டும், பிரிவு அலுவலர் கையெழுத்துப் போடுவார். எதைக் கேட்டாலும் "ஆகட்டும், ஆகட்டும்" என்கிறார். அவருக்கு 'ஆகட்டும்' என்றே பெயர் வைத்துவிட்டேன்.

இன்று பதினொன்று எழுதினேன். மனைவியை அழைக்க விண்ணப்பித்துவிட்டு ஒரு கடிதத்துக்குப் பதில் போடாத ஆள் ஒருவர். இவ்வளவுதான் அக்கறை என்று நினைத்துக்கொண்டேன்.

மே 11

ஞாயிறு. அக்கா பேசினாள்.

பிரிந்தபோது எனக்குப் பதினான்கு, அவளுக்குப் பத்தொன்பது. பதினெட்டு தாண்டியவர்களை அம்மாவின் அனுமதியில் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டதால் அவளைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். ஒரு வருடத்தில் அழைத்துக்கொள்வோம் என்றுதான் கிளம்பினோம். அவளுடையது 'மணமாகாத மகள்' விண்ணப்பம். கல்யாணம் செய்துகொண்டால் அதோடு தீர்ந்தது. அவளைப் பெண் கேட்டவர் மூன்று வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு இடத்தில் கட்டிக்கொண்டார்.

"நேத்து கடையில பார்த்தேன்டி. நல்லா வழுக்கை விழுந்துருச்சு. தப்பிச்சேன்!"

சேர்ந்து சிரித்தோம். வைத்த பிறகு அழுதேன். விட்டுவந்தபோது அவள் தோள் வரை இருந்தேன். இப்போது யார் உயரம்? செல்போன் திரையில் அது தெரிவதில்லை. அவள் பக்கத்தில் போய் நிற்க வேண்டும்போல் இருக்கிறது, வேறொன்றுமில்லை.

மே 15

அக்காவின் கோப்பு என் மேஜைக்கு வந்துவிட்டது.

போன மாதம் தலைமை அலுவலகம் பழைய கோப்புகளை இங்கே தள்ளிவிட்டிருக்கிறது. இன்று வந்த கோப்புக் கட்டில் ஏழாவது. புகைப்படத்தில் அதே பத்தொன்பது வயது. பின்னால் பிரிக்காத உறை ஒன்று, 'இந்த முகவரியில் இல்லை' என்ற முத்திரையோடு. எங்கள் பழைய வீட்டு முகவரி. கடிதத்தின் நகலைப் படித்தேன். கேட்டது ஒரே தாள் — இன்னும் மணமாகவில்லை என்று அவள் தரும் உறுதிமொழி.

வீடு மாறியபோது முகவரி மாற்றப் படிவம் அனுப்பியது நான்தான். சட்டக் கல்லூரியில் முதல் வருடம், தலைக்கனம். "யார்கிட்டயாவது கேட்டுட்டு அனுப்புடி" என்றாள் அம்மா. "எனக்குத் தெரியாதா?" என்றேன். அம்மாவின் கோப்பு எண்ணைப் போட்டு ஒரே படிவம். தாய்க்கு மாறினால் மகளுக்கும் மாறிவிடும் என்று நானே ஒரு சட்டம் இயற்றிக்கொண்டேன். ஒவ்வொரு கோப்புக்கும் தனிப் படிவம் வேண்டுமாம். படிவத்தின் அடியிலேயே பொடி எழுத்தில் இருக்கிறது. இன்றுதான் படித்தேன்.

மூடுவதற்கு இன்னும் பதினான்கு நாள்.

மே 16

சாப்பிடவில்லை. அம்மாவிடம் தலைவலி என்றேன்.

மே 19

கோப்பை அடுக்கின் அடியில் சொருகி வைத்திருக்கிறேன். பழைய தேதியில் ஒரு முகவரிப் படிவத்தை உள்ளே வைத்துவிட்டால்? தவறு அலுவலகத்துடையது என்று ஆகிவிடும். தேதி முத்திரை என் மேஜையிலேயே கிடக்கிறது. சக்கரத்தைப் பின்னால் திருப்பினால் போதும். யாருக்கு என்ன நஷ்டம்? சொன்னால் என் பயிற்சி போகும். நான் தொட்ட கோப்பு என்று அவளுடையதையும் சந்தேகப்பட்டால்? ஆனால் இது பிடிபட்டால் அவளால் வரவே முடியாதே —

திருப்பினேன். மூன்று வருடம் பின்னால். பிறகு இன்றைய தேதிக்கே கொண்டுவந்து வைத்தேன். நேர்மையா, பயமா? எனக்கே தெரியல.

மே 20

ஆகட்டுமிடம் சொல்லிவிட்டேன்.

"கோப்புல ஏதாவது எழுதினீங்களா?"

"இல்ல சார். படிச்சேன்."

"பார்த்த அன்னிக்கே சொல்லியிருக்கணும். அஞ்சு நாள் கையில வெச்சிருந்திருக்கீங்க. பயிற்சி இன்னையோட முடிஞ்சுது. சான்றிதழ் கிடைக்காது." கோப்பை வாங்கித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். "உங்க அம்மாவைக் கீழ கவுன்டருக்கு வரச் சொல்லுங்க. எல்லாரையும் மாதிரி டோக்கன் எடுத்து வரணும்."

மாலையில் அக்காவிடமும் சொன்னேன்.

"அப்ப, கடுதாசி வராததுக்கு நீதான் காரணமா?"

"ஆமாக்கா."

"சரி. வெச்சிடறேன்."

திட்டியிருக்கலாம். வாய் வலிக்கத் திட்டியிருக்கலாம்.

மே 24

அக்கா என் அழைப்பை எடுப்பதில்லை. உறுதிமொழி அனுப்பிவிட்டதாக அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள்.

மே 28

ஒரு நாள் மிச்சம் இருக்கையில் அக்காவின் உறுதிமொழியையும் அவள் கோப்புக்குத் தனி முகவரிப் படிவத்தையும் கவுன்டரில் கொடுத்தோம். டோக்கன் அறுபத்து நான்கு. போன வாரம் வரை நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.

"முடிவு எப்பத் தெரியும்?" என்றாள் அம்மா.

"லெட்டர் வரும்மா" என்றார் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்.

ரசீதில் இருந்த எங்கள் புது முகவரியைச் சத்தமாகப் படிக்கச் சொன்னாள் அம்மா, மூன்று முறை. மூன்று முறையும் படித்தேன். மனைவியை அழைக்க முயன்ற அந்த ஆள் ஞாபகத்துக்கு வந்தார். அவரும் வீடு மாறியிருப்பாரோ? நான் எழுதிய சுருக்கத்தில் அந்தக் கேள்வி இல்லை.

ஜூன் 15

எடுத்துவிட்டாள்!

"'இன்னும் மணமாகவில்லை'ன்னு கையெழுத்துப் போடறப்ப உன்னைக் கொன்னு போடணும்போல இருந்துச்சுடி."

"இப்ப?"

"இப்பவும்தான். நேர்ல வந்து வெச்சுக்கறேன்."

நேரில் வந்து. அதையே நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 3

பேருந்தில் முன் இருக்கைப் பெண் அக்காவைப் போலவே பின்னலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். இரண்டு நிறுத்தம் தாண்டித்தான் இறங்கினேன். தபால் பெட்டியில் இன்றும் ஒன்றும் இல்லை.

மார்ச் 11

காலை எட்டே கால். இன்று வேறொரு அலுவலகத்தில் பயிற்சி தொடங்குகிறது, ஒன்பதுக்குள் போய்ச் சேர வேண்டும். குளியலறைக் கதவைத் தட்டித் தட்டிக் கை வலிக்கிறது. உள்ளேயிருந்து பாட்டு வேறு.

"அக்கா, நேரமாச்சு!"

"இத்தனை வருஷம் நான் காத்திருந்தேன்ல? பத்து நிமிஷம் நீ இருடி!"

அம்மா அடுப்பங்கரையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். கதவோரம் துண்டோடு உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.