கொலைகாரனை மாற்றிவிட்டார்கள்

மார்ச் 4

காலையில் மூன்று பக்கம் எழுதி, மூன்றையும் கிழித்துப் போட்டேன். மதியம் என் கணவரோடு உட்கார்ந்து ஒரு துப்பறியும் படம். பத்தாவது நிமிடத்திலேயே இவர் தொடையைத் தட்டினார். "டாக்டர்தான் கொன்னிருக்கான்."

எப்படித் தெரியும் என்றேன்.

"இவ்வளவு பெரிய நடிகரை ரெண்டு வரி பேசவா கூட்டிட்டு வந்திருப்பாங்க?"

அவர் சொன்னதே நடந்தது. நான் முந்நூறு பக்கம் மூச்சுமுட்ட ஒளித்து வைப்பதை, நடிகர் தேர்வு ஒரே காட்சியில் போட்டு உடைத்துவிடுகிறது.

மார்ச் 11

சுருட்டை வந்திருந்தாள். விடுதியில் ஒரே அறையில் இருந்த நாளிலிருந்து தோழி. நான் எழுதும் எதையும் முதலில் படிப்பவள்; இப்போது இணையத் தொடர்களுக்குத் திரைக்கதை எழுதுகிறாள். என் நாவல் தொடராக வரப்போகிறதாம். எழுதப்போவதும் அவளேதானாம். ஒப்பந்தத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

"முடிவை மட்டும் தொடக் கூடாது" என்றேன்.

"உன் கதையில நான் கை வைப்பேனாடி? என்னை நம்பிக் கையெழுத்துப் போடு."

போட்டேன். படித்துக்கூடப் பார்க்கவில்லை.

அந்த முடிவுக்காகத்தான் நாவலையே எழுதினேன். வீட்டு எஜமானி கொலையாகிக் கிடக்கிறாள். வளையலுக்காகக் கொன்றாள் என்று எல்லாரும் வேலைக்காரியைக் கைகாட்டுகிறார்கள். ஐம்பத்து மூன்று வயது இன்ஸ்பெக்டர் அம்மா ஒருத்தி மட்டும் நம்ப மறுக்கிறாள். கொன்றவன் கணவன்.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா ஒருநாள் சொன்னதிலிருந்து முளைத்தது அது. முன்பு வேலை செய்த வீட்டில் வளையல் காணோம் என்று அவரை ஸ்டேஷனில் உட்கார வைத்தார்களாம். பிறகு அது அந்த வீட்டு பீரோவிலேயே கிடைத்ததாம். "யாரும் ஒரு வார்த்தை சொல்லலம்மா. அவங்கபாட்டுக்கு வளையலைப் போட்டுக்கிட்டாங்க."

ஏப்ரல் 2

அக்காவிடம் தொடர் வரப்போவதைச் சொன்னேன். கையில் சோப்பு நுரையோடு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"நான் எடுக்கலைன்னு அதுல வருமாம்மா?"

"வரும்க்கா."

"அப்போ எங்க தெரு முழுக்கச் சொல்லிடுறேன்."

மே 19

இன்ஸ்பெக்டராக நடிப்பவளுக்கு இருபத்தாறு வயது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. "முட்டி வலின்னு எழுதியிருந்தேனே, அதை என்ன பண்ணுவீங்க?" என்று இயக்குநரைக் கேட்டேன். "ஜிம்ல அடிபட்டதா வச்சுட்டோம் மேடம்" என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

கணவனாக வருபவர், இப்படி ஒரு மாப்பிள்ளை கிடைக்காதா என்று பெண்ணைப் பெற்ற அம்மாக்கள் எல்லாம் ஏங்குகிற அந்த நடிகர். இது நல்ல தேர்வு. அந்த முகத்தை யார் சந்தேகிப்பார்கள்? மற்றதை மன்னித்துவிடலாம்.

ஜூலை 8

படப்பிடிப்புக்குப் போயிருந்தேன். கணவனாக நடிப்பவர் எழுந்து நாற்காலி போட்டார். தங்கமான மனிதர். அவருக்கு ஒன்றும் தெரியாது.

"கொலைகாரன்னு சொன்னதும் முடியவே முடியாதுன்னுட்டேன் மேடம். என் படத்தைக் குடும்பத்தோட பார்க்கிறாங்க. நல்லவேளை, உங்க ஃபிரெண்டு வேலைக்காரிதான் கொன்னான்னு மாத்திக் கொடுத்தாங்க. அப்புறம்தான் தேதியே குடுத்தேன்."

"எப்போ மாத்தினாங்க?"

"பிப்ரவரியிலேயே."

பிப்ரவரி. அவள் என் வீட்டில் உட்கார்ந்து, நம்பு என்று சொன்னது மார்ச்சில்.

ஜூலை 9

போனேன் அவள் வீட்டுக்கு. முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"அவர் நடிக்கலைன்னா தொடரே இல்லடி. நான் எழுதலைன்னா வேற எவனாவது எழுதியிருப்பான்."

"என்கிட்ட ஏண்டி சொல்லல?"

"சொன்னா கையெழுத்துப் போட்டிருப்பியா?"

இத்தனை வருஷத்தில் எத்தனை துரோகிகளை எழுதியிருக்கிறேன்! ஒருத்தனாவது இவ்வளவு நேராகப் பேசியிருப்பானா? என்னதான் தெரியும் எனக்கு? சே — காபி வேறு கொடுத்தாள். குடித்துவிட்டும் வந்திருக்கிறேன்.

ஜூலை 15

என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். "உங்க பேருக்காகத்தானே மேடம் பார்க்கவே வருவாங்க" என்றார் இயக்குநர். ஒப்பந்தத்தை இன்றுதான் முழுசாகப் படித்தேன். எதையும் மாற்றச் சொல்ல அதில் எனக்கு வாயே இல்லை.

அக்காவிடம் சொல்ல வேண்டும். நாளைக்கு.

ஆகஸ்ட் 3

இன்னும் சொல்லவில்லை.

செப்டம்பர் 23

தொடர் நேற்று மொத்தமாக வந்துவிட்டது. காலையிலிருந்து போன். "கடைசிவரைக்கும் யூகிக்கவே முடியல" என்கிறார்கள். யூகிக்க முடியவில்லையா? முதல் காட்சியிலேயே எல்லாரும் யாரைக் கைகாட்டினார்களோ, அவளைத்தானே கடைசியில் விலங்கு போட்டுக் கூட்டிப்போனார்கள்!

சுருட்டையும் கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

செப்டம்பர் 25

இரண்டு நாள் வராமல் இருந்துவிட்டு அக்கா இன்று வந்தார். எப்போதும் போல் பாத்திரம், துணி, தரை.

"அக்கா, அதை நான் எழுதலக்கா. மாத்திட்டாங்க."

"சரிம்மா. உங்க பேரு போட்டிருந்துச்சே."

"போட்டாங்க, ஆனா —"

"பரவால்லம்மா. தெருவுல கேட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லல."

கிளம்பும்போது வாசலில் நின்று தன் பையை என் முன்னால் திறந்து பிடித்தார். உள்ளே ஒரு டிபன் டப்பா, ஒரு சீப்பு, மடித்த துண்டு.

"பார்த்துக்கோங்கம்மா."

கோபம் இல்லை அந்தக் குரலில். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். மூடுங்கக்கா, மூடுங்கக்கா என்று நான்தான் கத்தினேன். நான் பார்க்கும்வரை மூடவில்லை.

அக்டோபர் 1

பத்து மணி வரை காத்திருந்தேன். அக்கா வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். பக்கத்து வீட்டிலிருந்து துடைப்பத்தின் சத்தம் கேட்டது. அந்த வீட்டுக்காரம்மா ஏதோ சொல்ல, அக்கா சிரித்தார்.

உள்ளே வந்து பாத்திரங்களைத் தேய்க்க ஆரம்பித்தேன்.