இரைச்சலுக்குக் கீழே உன் குரல்

இன்று காலை பாட்டுக் கேட்கக் கசற் செற்றைப் போட்டதும் அந்த இரைச்சல் மறுபடியும் கேட்டது. ம்ம்ம் என்று, யாரோ வாயை மூடிக்கொண்டு ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல. லீவுக்கு வந்துபோன மகன் டிஷ் வயரைத் தொலைக்காட்சியில் பழையபடி செருகிவிட்டுப் போயிருந்தான். அதைக் கழற்றக் குனிந்தவள், கழற்றாமல் கதிரையில் இருந்துவிட்டேன். எரிச்சல் மூட்டும் சத்தம்தான். ஆனாலும் அதைக் கேட்டதும் நீ பக்கத்தில் இருப்பதுபோல இருந்தது.

மாதா கோயில் பாடகர் குழுவில் நான் எல்லாரையும்போல மெட்டைப் பாடுவேன். நீ அதற்குக் கீழே போகும் தாழ்ந்த குரலைப் பாடுவாய். உன் குரல் தனியாகத் தெரியாது. நீ வராத நாளில்தான் எங்கள் பாட்டு அந்தரத்தில் நிற்பது தெரியும். பாடும்போது அப்படி அடங்கி நிற்கிற நீ, வள்ளம் கரைக்கு வந்தால் அரைவாசி ஊருக்குக் கேட்கக் கூப்பிடுவாய். தொண்டையில் கட்டி வந்து ஒப்பரேசன் செய்தபிறகு அந்தக் குரல் போய்விட்டது. காற்று மட்டும் மிஞ்சியது. உன்னோடு கதைக்க உன் வாயருகே காதைக் கொண்டுவர வேண்டியிருந்தது.

அப்போதுதான் புளியங்குளத்தில் இருக்கிற என் அண்ணி, அலுமாரியைத் துப்புரவாக்கும்போது ஒரு கசற்றைக் கண்டெடுத்தா. நத்தாருக்கு யேசு பிறப்புப் பாட்டுகளை நாங்கள் பழகியபோது பதிந்தது. கலியாணமாகி அண்ணனோடு அங்கே போகும்போது கொண்டுபோயிருக்கிறா. எங்களிடம் இருந்தவை எல்லாம் இடப்பெயர்வில் போய்விட்டன. அது ஒன்றுதான் மிச்சம். நாடா அறுந்துபோக முன்னம் கொம்பியூட்டரில் ஏற்றிவைக்கச் சொல்லி மகன் போனில் சொன்னான். நான் உன்னையும் கூப்பிட்டேன்.

செற்றையும் கொம்பியூட்டரையும் வயரால் இணைத்துக் கசற்றை ஓடவிட்டால், பாட்டோடு சேர்ந்து இந்த இரைச்சலும் வந்தது. உச்சத்தில் பாடும் குரல்கள் அதற்கு மேலே கேட்டன. என் குரலும் கேட்டது. உன் குரல் இருக்கவேண்டிய இடத்தில்தான் இரைச்சல் உட்கார்ந்திருந்தது. இவ்வளவாவது கிடைத்ததே என்று நான் சொன்னேன். நீ என் கையைப் பிடித்து இழுத்தாய்.

“என்ட குரல் எப்பிடி எண்டு எனக்கே மறந்துபோச்சடி.”

அதற்குப் பிறகு நான் எப்படி விடுவேன்?

நான் மேசைக்குக் கீழே தவழ்ந்தேன். நீ ஸ்பீக்கருக்கு முன்னால் இருந்து, சத்தம் கூடினால் கையை உயர்த்தினாய், குறைந்தால் தாழ்த்தினாய். உன் காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. சுவரில் இரண்டு இடத்தில் செருகியிருந்ததைக் கழற்றி, செற்றையும் கொம்பியூட்டரையும் ஒரே பிளக் பலகையில் செருகச் சொன்னான் போனில் இருந்த மகன். உன் கை நெஞ்சளவுக்கு இறங்கியது. கரண்ட் வயர்களோடு சுருண்டு கிடந்த பாட்டு வயரைப் பிரித்துத் தூரமாக எடுத்தேன். இன்னும் கொஞ்சம் இறங்கியது. அதோடு நின்றுவிட்டது.

பக்கத்து வீட்டுக்கு வயர் இழுக்க வந்த ஒருவர் எட்டிப் பார்த்து, பிளக்கில் ஏர்த் கம்பியைக் கழற்றிவிட்டால் சரிவரும் என்றார். நீ எழுந்துபோய்ப் பிளக்கைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டாய். கரண்ட் ஒழுகினால் மனிதரைக் காப்பதே அந்தக் கம்பிதான் என்று உனக்குத் தெரியும். அவர் சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

பிறகு ஒவ்வொரு வயராகக் கழற்றிப் பார்த்தோம். செற்றிலிருந்து தொலைக்காட்சிக்கும் ஒரு வயர் போயிருந்தது. தொலைக்காட்சியிலிருந்து கூரையில் நிற்கும் டிஷ்ஷுக்கு இன்னொன்று. அந்தக் கடைசி வயரை உருவியதும் உன் கை மடியில் விழுந்தது. வீடே அமைதியாகிவிட்டது. பிறகு மகன் விளக்கினான்: கொம்பியூட்டர் ஒரு வழியாலும் டிஷ் இன்னொரு வழியாலும் நிலத்தோடு தொடுத்திருந்ததால், அந்த வட்டத்துக்குள் கரண்ட் சுற்றிச் சுற்றி இரைந்திருக்கிறது.

கசற்றை முதலிலிருந்து ஓடவிட்டேன். நீ வந்தாய். அடியில், திடமாக, எங்கள் எல்லாரையும் தாங்கிக்கொண்டு. நீ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாய். பாட்டு முடிந்தபிறகுதான் என்னைப் பார்த்தாய்.

“நல்லாத்தான் பாடியிருக்கிறன்,” என்றாய்.

உன்னைக் கூட்டிப்போக வந்த உன் மனிசன் ஹெல்மெற்றைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். எப்போது வந்தார் என்று எனக்குத் தெரியாது. “திருப்பி ஒருக்காப் போடுங்கோ அக்கா,” என்றார். போட்டேன்.

பாட்டுக்குப் பின்னால் இன்னும் ஒரு இரைச்சல் இருந்தது. அதையும் எடுக்கலாம், கொம்பியூட்டரில் வழி இருக்கிறது என்று நான் ஆர்வமாக மவுஸைப் பிடித்தேன். நீ என் கைக்கு மேல் கையை வைத்தாய். அது கடல். கோயில் கதவைத் திறந்துவைத்துப் பாடியிருக்கிறோம்.

“அத விடு. அதுவும் எங்களோட இருந்ததுதானே.”

அப்படியே விட்டுவிட்டேன்.

அடுத்த மாரிக்கு நீ இல்லை. பாடகர் குழுவில் உன் பங்கைப் பாட ஆளில்லாமல் அதை விட்டுவிட்டே பாடினோம். எல்லாம் சரியாக இருந்தது, ஆனால் எனக்கு ஏதோ விழப்போவதுபோலவே இருந்தது. பிறகு ஒரு நாள் பதிவைப் போட்டு, உன்னை மட்டும் பின்தொடர்ந்து பாடிப் பார்த்தேன். வாழ்நாள் முழுக்க மேலே பாடிப் பழகிய தொண்டை கீழே நிற்க மாட்டேன் என்றது. என்னை அறியாமலே மெட்டுக்குத் தாவிவிடுவேன். திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவேன்.

இந்த நத்தாருக்கு மெட்டை இளம்பெண்கள் பாடப்போகிறார்கள். நான் உன் இடத்தில் நிற்கிறேன். உன் அளவுக்கு வராது, தெரியும். இரண்டாம் அடிக்கு முன்னால் நீ மூச்சு எடுப்பது பதிவில் மெதுவாகக் கேட்கிறது. நானும் அங்கேதான் எடுக்கிறேன்.