பங்கருக்குள் நிற்கும் எங்கள் வீட்டுச் சுவர்

அனுப்புநர்:
திருமதி சிமியோன் யோசப்பின்,
கடற்கரை ஒழுங்கை,
கொழும்புத்துறை,
யாழ்ப்பாணம்.

பெறுநர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
கரையோர வீடமைப்பு உதவித் திட்டம்,
யாழ்ப்பாணம்.

விடயம்: வீட்டுக்குத் தந்த கற்களைத் திருப்பித் தரும்படி வந்த கட்டளை

மதிப்புக்குரிய ஐயா,

1. தங்கள் 10.09.1991 கடிதம் கிடைத்தது. வீடு கட்டத் தந்த கற்களை நாங்கள் விற்றுவிட்டோம் என்றும், பதினான்கு நாட்களுக்குள் திருப்பித் தராவிட்டால் வீட்டுப் பட்டியலிலிருந்து எங்கள் பெயர் வெட்டப்படும் என்றும் அதில் உள்ளது. நாங்கள் ஒரு கல்லையும் விற்கவில்லை. சீமெந்து கேட்டு நான் எழுதிய மூன்று மனுக்களுக்கும் பதில் இல்லை. இந்தக் கடிதம் மட்டும் தவறாமல் வந்து சேர்ந்துவிட்டது.

2. அவை ஒன்றோடொன்று கொழுவும், நடுவே துளையுள்ள பொள்ளல் சீமெந்துக் கற்கள். சாந்து இல்லாமல் அடுக்கி, கம்பி இறக்கி, பொள்ளலுக்குள் கொங்கிறீற்று ஊற்றினால் சுவர் இறுகிவிடும் என்று சென்ற ஆண்டு சித்திரையில், வேலைகளை மேற்பார்க்கும் தங்கள் ஓவசியர் ஐயாவே செய்து காட்டினார். நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளுமாக யன்னல் மட்டம் வரை அடுக்கினோம். சீமெந்து அடுத்த கிழமை வரும் என்றார்கள். ஆனியில் சண்டை தொடங்கியது, பாதை பூட்டப்பட்டது, சீமெந்து தடைப்பொருளாயிற்று. அந்த அடுத்த கிழமை இன்னும் வரவில்லை.

3. நிரப்பாத சுவர் சோளகக் காற்றுக்கு ஆடியது. என் கணவர் கடற்றொழிலாளி. பழைய வலைக்கயிற்றால் சுவரைச் சுற்றி வரிந்து கட்டினார். "என்ன சிமியோன் அண்ணை, சுவர் ஓடிப்போயிடும் எண்டோ கட்டிவைச்சிருக்கிறியள்?" என்று பக்கத்து வீட்டு நீக்கிலாப்பிள்ளை பகிடி பண்ணினார். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்போது சிரிக்க முடிந்தது.

4. பிறகு குண்டு போடும் விமானங்கள் வரத் தொடங்கின. எல்லோரையும் போல நாங்களும் பதுங்கியிருக்கப் பங்கர் வெட்டினோம். எங்கள் நிலம் கடற்கரை மணல். வெட்ட வெட்டச் சரிந்தது. ஆவணியில் ஒருநாள் சரிந்த மணல் என் இளைய மகள் யசிந்தாவை நெஞ்சளவு மூடிவிட்டது. கையால் தோண்டித்தான் எடுத்தோம். அன்று பின்னேரமே என் கணவர் கயிற்றை அறுத்து, சுவரைக் கழற்றி, கற்களைக் குழிக்குள் இறக்கி அடுக்கினார். பொள்ளல்களுக்குள் மணலைக் கொட்டி இறுக்கினோம். தாங்கள் காட்டித் தந்த முறைதான் ஐயா, ஊற்றியது மட்டும் வேறு. இந்த ஆண்டு மாசியில் கரையில் குண்டு விழுந்தபோது எங்கள் நால்வரோடு நீக்கிலாப்பிள்ளை வீட்டார் ஐவரும் உள்ளே இருந்தார்கள். ஒரு கல்லும் அசையவில்லை.

5. இம்மாதம் 3ஆம் திகதி ஓவசியர் ஐயா வந்தார். சுவர் நின்ற இடத்தில் கோழிதான் மேய்ந்துகொண்டு நின்றது. "கல்லுகளை வித்துச் சாப்பிட்டுப்போட்டு எனக்குக் கதை விடுறியளோ?" என்று பிள்ளைகள் முன்னால் கேட்டார். "எல்லாம் உதுக்குள்ளைதான் கிடக்குது, ஒருக்கால் இறங்கிப் பாருங்கோ ஐயா" என்று பங்கரைக் காட்டினார் என் கணவர். "உதுக்குள்ளை இறங்க எனக்கென்ன விசரோ?" என்று சொல்லிச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். இறங்காமலே, கற்கள் இல்லை என்று எழுதியும் கொடுத்துவிட்டார். முப்பது வருடம் கடலோடு மல்லுக்கட்டிப் பிழைத்த மனிதரைக் கள்ளன் ஆக்கிவிட்டார்.

6. எண்பத்தேழில் எங்கள் வீடு எரிந்தது. நான்கு மாரி கிடுகுக் கொட்டிலில் நனைந்துவிட்டோம். பெயரை வெட்டினால் இனி எங்களுக்கு யார் வீடு தருவார்கள்? ஆகவே கற்கள் இல்லை என்ற அந்தப் பதிவை நீக்கி, சண்டை ஓய்ந்து சீமெந்து வரும்வரை கற்கள் இப்போது உள்ள இடத்திலேயே இருக்க அனுமதி தரவேண்டும். கிராம சேவகர் உள்ளே இறங்கிப் பார்த்து எழுதிய கடிதத்தை இத்துடன் இணைத்துள்ளேன்.

7. அது இயலாது, கற்கள்தான் வேண்டும் என்று தாங்கள் முடிவெடுத்தால் நாங்கள் மறிக்கமாட்டோம். ஆனால், கற்களை ஏற்ற வண்டில் எந்த நாளில் வரும் என்பதையும், அன்று விமானம் வந்தால் நாங்கள் ஒன்பது பேரும் எங்கே போய் இருக்கவேண்டும் என்பதையும் ஒரே கடிதத்தில் எழுதி அனுப்புமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் பதிலைப் பார்த்திருக்கும்,
சி. யோசப்பின்

கொழும்புத்துறை,
17.09.1991