பதினோராம் பக்கம்

என்னங்க,

சாதம் ஹாட்பாக்ஸில் இருக்கிறது. ரசத்தை மட்டும் சுட வைத்துக்கொள்ளுங்கள். சாவி மீட்டர் பெட்டிமேல். நான் செவிலிமேட்டில் அக்கா வீட்டில் இருப்பேன்.

நாலு மணிக்குப் பதிப்பகத்திலிருந்து திரிஷா வருவாள். குளிர்காலப் பாதுகாப்பைப் பற்றிப் பிள்ளைகளுக்காக நான் எழுதிய பக்கங்கள் தறிமேல் மஞ்சள் உறையில் இருக்கின்றன. கொடுத்துவிடுங்கள். பதினோராம் பக்கம் மட்டும் காலி. மூடிய அறையில் தணல் வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது என்று அதில் எழுத வேண்டும். “பசங்க பயந்துப்பாங்கக்கா, கொஞ்சம் லேசா எழுதுங்க” என்கிறாள். பத்து நாளாக ஒரு வரி வரவில்லை.

போன மார்கழியில் தறிக்கான பாவு நூலை உலர்த்தி மிச்சமிருந்த தணலை, நம் யாழினிக்குக் குளிருமே என்று அவள் அறையில் வைத்துவிட்டு விடியலில் கோயிலுக்குப் போனீர்கள். திரும்பி வந்தபோது குழந்தைக்கு மூச்சில்லை. கொன்றது நீங்கள்தான் என்று நேற்றும் சொன்னேன். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனீர்கள்.

பி.கு: நீங்கள் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுத்தான் போனீர்கள். பனி இறங்குகிறதே என்று அதை மூடிவிட்டுக் கோலம் போடப் போனது நான். மூடிய ஜன்னலை வந்ததும் பார்த்தீர்கள். பார்த்தும் இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம்கூட.